டாம் இருந்திருந்தால்

2016 மே 27, வெள்ளிக்கிழமை. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் அலுவலக கேப் வழக்கம்போல நகராமல் நின்றது. அன்றுதான் வெளியாகியிருந்த ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டு முடிக்க அந்த நெரிசலே போதும். ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற ஆங்கிலேய மெட்டல்கோர் குழுவின் ஏழாவது ஆல்பம் அது, ‘ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டன்ட் அஸ்’. நம் கடவுள்கள் எல்லோரும் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அறைக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அறை நண்பன் கேட்டான்.

“எப்படிடா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு மச்சி. ஆனா மூணாவது பாட்டுக்கு மேல எல்லாம் ஒரே மாதிரி. அப்புறம் சாவு சாவுன்னு ஒரே புலம்பல். கொஞ்சம் ஓவர்.”

அவனும் தலையாட்டினான். அடுத்து வந்த மூன்று மாதத்தில், இந்த இசையைக் கேட்கும் நாலைந்து பேரிடம் இதே தீர்ப்பை நான் சொல்லியிருப்பேன். ஒரு தடவை சொன்ன கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது மெருகேறிவிடும். கடைசியாகச் சொன்னபோது சிரிப்புகூட வந்தது.

ஆகஸ்ட் 20 அன்று அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் சேர்ல் இறந்துபோனார். வயது 28. இசையில் பெரும்பகுதியையும் வரிகளையும் எழுதியவர் அவர். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். மூன்று வருடம் அந்த நோயோடு வாழ்ந்தார் என்பதை, அவருடைய இரட்டைச் சகோதரரும் குழுவின் டிரம்ஸ் கலைஞருமான டான் சேர்ல் வெளியிட்ட அறிவிப்பிலிருந்துதான் என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொண்டோம்.

அன்று இரவு அந்த ஆல்பத்தை மறுபடி போட்டேன். பாட்டுகளின் தலைப்பைப் படித்தாலே போதுமாக இருந்தது. ‘டெத்விஷ்’, ‘தி எம்ப்டி ஹவர்கிளாஸ்’, ‘கான் வித் தி விண்ட்’, ‘மெமெண்டோ மோரி’. மணல் தீர்ந்துபோன மணற்கடிகை என்று ஒருவர் தன் பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார். மே மாதம் அது எனக்கு மெட்டல் இசையின் வழக்கமான இருட்டு அலங்காரமாகப் பட்டது. ஆகஸ்டில் அது வெறும் தகவல்.

ஓர் ஆல்பத்தைப் பற்றிக் கேட்பவர்கள் சொல்லும் கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மெட்டல்கோரில் அந்த வரலாறு கொஞ்சம் விசேஷமானது. இங்கே கேட்பவர் தன்னை வாடிக்கையாளராக நினைப்பதில்லை, பங்காளியாக நினைக்கிறார். சொத்தில் பங்கு உள்ளவர் மாதிரிதான் பேசுவார், சண்டையும் போடுவார். அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மெட்டல்கோர் என்ற பெயரிலேயே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ‘கோர்’ என்பது ஹார்ட்கோர் பங்க். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்களில் பள்ளி வயதுப் பையன்கள் ஆரம்பித்த இசை. வாஷிங்டனில் இயன் மக்காயும் நண்பர்களும் டிஸ்கார்ட் என்ற பெயரில் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவுசெய்து, தாங்களே உறை மடித்து விற்றார்கள். மது விற்கும் அரங்குகளில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் எல்லா வயதினரும் வரக்கூடிய நிகழ்ச்சிகளுக்காகச் சண்டை போட்டார்கள். பின்னால் மக்காயின் ஃபுகாஸி குழு நுழைவுச்சீட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பிடிவாதம் பிடித்தது. மேடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பாடுபவர் மைக்கை முன்வரிசையில் நிற்பவனிடம் நீட்டுவார், அடுத்த வரியை அவன் பாடுவான். கூட்டத்திலிருந்து ஒருவன் மேலே ஏறிக் குதிப்பான். இன்று கூட்டத்தில் நிற்பவன் அடுத்த மாதம் தன் குழுவோடு அதே இடத்தில் வாசிப்பான். இப்படிப்பட்ட இடத்தில் ‘ரசிகன்’ என்ற சொல்லே பொருந்தாது. அந்த இசையை அவனும் சேர்ந்துதான் செய்கிறான். ஆகவே அது மாறினால் அவனைக் கேட்காமல் வீட்டை விற்றதுபோல அவனுக்குக் கோபம் வருகிறது. ‘விலைபோய்விட்டார்கள்’ என்ற வசை அந்தக் கோபத்தின் பெயர்.

இன்னொரு ஊர் மெட்டல். எண்பதுகளின் நடுவிலேயே நியூயார்க்கின் குரோ-மேக்ஸ், அக்னாஸ்டிக் ஃபிரண்ட் போன்ற ஹார்ட்கோர் குழுக்கள் திராஷ் மெட்டலிடமிருந்து கிட்டார் கனத்தைக் கடன் வாங்க ஆரம்பித்துவிட்டன. 1991ல் கிளீவ்லாண்டின் இண்டெக்ரிட்டி, 1995ல் சிரக்யூஸின் எர்த் கிரைசிஸ் என்று கலப்பு கெட்டியாகிக்கொண்டே போனது. எர்த் கிரைசிஸ்காரர்கள் குடிக்கமாட்டார்கள், புகைக்கமாட்டார்கள், பால்கூடத் தொடாத சைவம். இசை அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு விரதம். 2001ல் பாஸ்டன் பக்கத்து கன்வெர்ஜ் குழுவின் ‘ஜேன் டோ’ வந்தது. அதை இன்றைக்கும் என்னால் ஒரே அமர்வில் முழுதாகக் கேட்கமுடிவதில்லை. மோசமான இசை என்பதால் அல்ல.

இதற்கிடையில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வேறொன்று நடந்தது. டெத் மெட்டலின் வேகத்தில் இரண்டு கிட்டார்கள் இணையாக மெட்டு வாசிக்கும் பாணி. 1995ல் அட் தி கேட்ஸ் குழு ஃபிரெட்மன் ஸ்டுடியோவில் ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமுடன் ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ ஆல்பத்தைப் பதிவுசெய்து, அடுத்த வருடமே கலைந்துபோனது. ஆனால் அந்த ரிஃப்கள் கப்பலேறி மாசசூசெட்ஸில் வந்து இறங்கின. 2002ல் கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவின் ‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்’ வந்தபோது இன்று நாம் மெட்டல்கோர் என்று சொல்லும் அச்சு தயார். சரணத்தில் கத்தல், பல்லவியில் இனிமையான பாட்டு, நடுவில் ஒரு பிரேக்டவுன்.

பிரேக்டவுன் என்ன என்று கேட்டிராதவர்களுக்கு: பாட்டு விரைந்து போய்க்கொண்டிருக்கும்போது வேகம் சட்டென்று பாதியாகும். கம்பியை உள்ளங்கையின் ஓரத்தால் அமுக்கி வாசிக்கும் கிட்டாரும், காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் ஒரே தாளக்கட்டில் பூட்டிக்கொள்ளும். மெட்டு காணாமல் போய்த் தாளம் மட்டும் நிற்கும். ஹார்ட்கோர் கூட்டம் கைகால் வீசி ஆடுவதற்காகவே உருவான இடம் அது. கத்தலும் வெறும் தொண்டைக் கிழிப்பு இல்லை. உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்மடிப்புகளை அதிரவைக்கும் உத்தி. பயிற்சி இல்லாமல் செய்தால் ஒரே வாரத்தில் டாக்டரிடம் போகவேண்டும். எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் போனான்.

கத்தலும் பாட்டும் ஒரே உடம்பில் இருப்பதால் இந்த இசையில் எப்போதும் ஒரு தராசு ஆடிக்கொண்டிருக்கும். பாட்டுப் பக்கம் சாய்ந்தால் கூட்டம் பெரிதாகும், பழைய ஆள் முறைப்பான். கத்தல் பக்கம் சாய்ந்தால் பழைய ஆள் அணைத்துக்கொள்வான், வாடகை கட்டமுடியாது. மெட்டல்கோர் ஆல்பம் பற்றிய கருத்துகளில் பாதிக்குமேல் இந்தத் தராசு பற்றியவைதான்.

ஆர்க்கிடெக்ட்ஸ் இந்தத் தராசில் ஒருமுறை தட்டுத்தடுமாறி விழுந்த குழு. தென் இங்கிலாந்தின் கடற்கரை நகரம் பிரைட்டனில் 2004ல் ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பி என்று சொல்லமுடியாத இரட்டையர் இருவர்தான் அச்சாணி. டாம் கிட்டார், டான் டிரம்ஸ். 2006ல் முதல் ஆல்பம். அப்போது சிக்கலான தாளக்கணக்குகள்தான் அவர்களின் பெருமை. கேட்டால் காலால் தாளம் போடமுடியாது, கால்குலேட்டர் வேண்டும். பிறகு பாடகராக சாம் கார்ட்டர் வந்தார். இந்த மனிதரின் கத்தலில் சுருதி இருக்கும். கத்தும்போதே ஒரு மெட்டு கேட்கும், அதுதான் அவருடைய கையெழுத்து. 2009ல் வந்த ‘ஹாலோ கிரௌன்’ பலருக்கும் இன்றுவரை உரைகல்.

அடுத்து 2011ல் ‘ஹியர் அண்ட் நௌ’. பாட்டு கூடியது, ஓரங்கள் மழுங்கின, பல்லவிகள் வானொலிப் பக்கம் பார்த்தன. கேட்டவர்கள் சும்மா விடவில்லை. விலைபோய்விட்டார்கள் என்ற தீர்ப்பு வந்தது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பின்னால் குழுவே அந்த ஆல்பத்திலிருந்து விலகிப் பேசியது. 2012ல் ‘டேபிரேக்கர்’ பழைய கனத்துக்குத் திரும்பியது. கேட்பவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். ஆனால் அந்த 2011 ஆல்பத்தின் முக்கியப் பாடலாசிரியர் யார்? டாம் சேர்ல்தான். இந்தத் தகவல் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

2014ல் ‘லாஸ்ட் ஃபாரெவர், லாஸ்ட் டுகெதர்’. இதைப் பதிவுசெய்ய அவர்கள் போன இடம் கோத்தன்பர்க், ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமின் அதே ஃபிரெட்மன் ஸ்டுடியோ. 1995ல் கிளம்பிய ரிஃப் ஒரு சுற்றுச் சுற்றித் தாய்வீடு திரும்பியது என்று அப்போது ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது வேறொரு கணக்கு ஓடுகிறது. 2016லிருந்து மூன்று வருடம் பின்னால் போனால் 2013. அப்படியானால் இதுவும் நோயோடு எழுதப்பட்டதுதான். அப்போது எங்கள் பேச்சு எல்லாம் டிரம்ஸ் ஒலி எவ்வளவு கச்சிதம் என்பது பற்றி.

ஏழாவது ஆல்பம் வந்தபோது பெரும்பாலானவர்கள் அதை அரசியல் ஆல்பமாகக் கேட்டார்கள் என்பதும் நியாயமே. ‘எ மேட்ச் மேட் இன் ஹெவன்’ பாட்டு மேற்கத்திய நாடுகள் தொடுக்கும் போர்களைப் பற்றியது. முதல் பாட்டின் பெயரே ‘நிஹிலிஸ்ட்’. சூழலியலும் சைவமும் பேசும் குழு, கடல்வாழ் உயிர்களுக்காகக் கப்பலோட்டும் சீ ஷெப்பர்டுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவிப்பவர்கள். ஆகவே உலகம் அழிகிறது என்று கத்தினால் உலகம்தான் அழிகிறது என்று எடுத்துக்கொண்டோம். ஒரு மனிதர் அழிகிறார் என்று யாருக்குத் தோன்றும்? கடைசிப் பாட்டு ‘மெமெண்டோ மோரி’ ஏறத்தாழ எட்டு நிமிடம். அதில் தத்துவப் பேச்சாளர் ஆலன் வாட்ஸின் குரல் வரும். மே மாதம் அந்த இடத்தை நான் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ‘யாராவது ஒரு சாமியார் பேச்சைப் போட்டு ஆழம் காட்டறது இப்ப ஃபேஷனாயிடுச்சு’ என்று சொன்ன ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

நான் சொன்னது பொய்யா என்றால், இல்லை. பாட்டுகள் ஒன்றுபோல இருக்கின்றன என்ற என் கருத்து இன்றும் பாதி சரிதான். அதே தாழ்ந்த சுருதி, அதே வெட்டி வெட்டி வரும் தாளம், பல்லவிக்குப் பின்னால் அதே மின்னணு விசும்பல். ஆனால் ஒன்றுபோல இருப்பது இப்போது எனக்கு வேறு காரணத்தால் ஒன்றுபோல இருக்கிறது. ஒரே விஷயத்தைத் தவிர வேறெதையும் நினைக்கமுடியாத ஒருவர் பதினோரு பாட்டு எழுதினால் அவை எப்படி இருக்கும்? மரணச் செய்திக்கு ஆல்பத்தின் ஒலியை மாற்றும் சக்தி இல்லை. ஆனாலும் மாற்றிவிட்டது. இது நேர்மையான கேட்பா அல்லது குற்றவுணர்ச்சி வாசிக்கும் இசையா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லமுடியவில்லை.

ஒரு வருடம் கழித்து, 2017 செப்டம்பரில் ‘டூம்ஸ்டே’ என்ற ஒற்றைப் பாட்டு வந்தது. டாம் சாவதற்குமுன் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன பாட்டு. மற்றவர்கள் அதை முடித்தார்கள். வரிகளை டான் எழுதினார். அதே சமயத்தில் சைலோசிஸ் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவின் ஜோஷ் மிடில்டன் கிட்டார் கலைஞராக உள்ளே வந்தார்.

என் தொழிலில் இதற்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பாதி முடிந்த கோடை நம்மிடம் கொடுப்பார்கள். கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அவர் பெயர் நிற்கும். ஏன் இப்படி எழுதினார், அடுத்து எங்கே போக நினைத்தார் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. போனவர் வேறு கம்பெனிக்குத்தான் போயிருக்கிறார், தேவைப்பட்டால் வாட்ஸப்பில் பிடிக்கலாம் என்றாலும்கூட அந்த வரிகளைத் தொடக் கை கூசும். டான் தொட்டது தன்னோடு கருவறையைப் பகிர்ந்தவனின் கோப்பை. உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், இதற்குமேல் தாங்காது.

2018 பிப்ரவரியில் லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் பத்தாயிரம் பேர் முன்னால் வாசித்தார்கள். அதுவரை அவர்கள் பார்த்திராத அளவு கூட்டம். ‘கான் வித் தி விண்ட்’ பாடுவதற்குமுன் சாம் கார்ட்டர் நிறுத்தி டாமைப் பற்றிப் பேசுவது அந்த நாட்களில் வழக்கமாகிவிட்டது. ஹார்ட்கோரின் பழைய மைக் நீட்டல் இங்கே வேறு வடிவம் எடுத்தது. பத்தாயிரம் பேர் செத்துப்போன ஒருவனின் வரிகளை அவன் சகோதரன் டிரம்ஸ் அடிக்கத் திருப்பிக் கத்தினார்கள். புறத்திணையில் கையறுநிலை என்று ஒரு துறை இருக்கிறது. தலைவன் இறந்தபின் அவனைச் சேர்ந்தவர்கள் செயலற்று நின்று பாடுவது. பாடும் உரிமை யாருக்கு என்று அங்கே கேள்வி இல்லை. அவனால் வாழ்ந்தவர் எல்லாம் பாடலாம்.

அந்த வருடம் நவம்பர் 9 அன்று ‘ஹோலி ஹெல்’ வெளிவந்தது. பதினோரு பாட்டு. தந்திக்கருவிகளோடு திறக்கும் முதல் பாட்டு ‘டெத் இஸ் நாட் டிஃபீட்’, முடிவு ‘எ வேஸ்டட் ஹிம்’. ‘டூம்ஸ்டே’ கடைசிக்கு முந்தையது. துயரம் என்பதை அவ்வளவு நேராகப் பார்த்த மெட்டல்கோர் ஆல்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கோபம் பாடுவது இந்த இசைக்குச் சுலபம், பழக்கப்பட்டது. இழப்பைப் பாட அதற்கு வாய் வராது. இங்கே வந்தது.

அதைப் பற்றிக் கேட்பவர்கள் பேசியதைக் கவனித்ததுதான் என்னை இந்தக் கட்டுரைக்கே கொண்டுவந்தது. முதலில் ஒரு தயக்கம். மோசம் என்று எப்படிச் சொல்வது? துக்க வீட்டில் சாப்பாட்டில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? அந்தத் தயக்கம் சில வாரம்தான். பிறகு மெதுவாகக் குரல் எழுந்தது. மூன்று ஆல்பமாக ஒரே சூத்திரம் என்றார்கள். ரிஃப்கள் எழுதத் தெரிந்தவர் போய்விட்டார், இது அவர் பாணியின் நகல் என்றார்கள். எதிர்ப்பக்கம், நகல் என்றால் என்ன தப்பு, சகோதரன் கையெழுத்தில் ஒரு தடவை எழுதிப் பார்க்க அவனுக்கு உரிமை இல்லையா என்றார்கள். இன்னும் சிலர் இசை பற்றி எதுவுமே பேசவில்லை. அம்மா இறந்த மாதத்தில் கேட்டேன், நண்பன் தூக்கில் தொங்கிய பிறகு கேட்டேன் என்று மட்டும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பாட்டின் பிரேக்டவுன் கனமாக இருக்கிறதா என்ற பேச்சுக்கு நடுவில் ஒருவர் வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் பேச்சு நின்றுவிடும்.

என் கருத்தையும் கேட்டால்: ‘ஹியராஃப்டர்’, ‘டூம்ஸ்டே’, ‘எ வேஸ்டட் ஹிம்’ மூன்றும் அவர்கள் எழுதியவற்றில் உச்சம். நடுவில் ‘மாடர்ன் மிஸரி’ போன்றவை இரண்டு மூன்று பழைய அச்சில் ஊற்றியவை. ‘தி செவன்த் சர்க்கிள்’ சுருக்கமான ஹார்ட்கோர் அடி, அது அங்கே ஏன் இருக்கிறது என்று முதலில் புரியவில்லை. அழுது முடித்தபின் சுவரைக் குத்தும் ஆளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இந்த மரியாதைக் காலம் 2021 பிப்ரவரியில் முடிந்தது. ‘ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்’. பதினைந்து பாட்டு, ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கத்தல் குறைந்தது, பாட்டு ஏறியது, பித்தளை வாத்தியங்களும் தந்திகளும் வந்தன. பருவநிலை அழிவு பற்றிய ஆல்பம். நமக்கே நம்பிக்கை இருக்கிறதா, இருந்தால் ஏன் எதுவும் செய்யவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் தொனி. இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அவர்களுக்கு முதல் தடவை. அதே வருடக் கடைசியில் முழு ஆல்பத்தையும் பாரலாக்ஸ் ஆர்கெஸ்ட்ராவுடன் அபே ரோடு ஸ்டுடியோவில் வாசித்தார்கள். பிரைட்டனில் கால்குலேட்டர் இசை வாசித்த பையன்கள் பீட்டில்ஸ் உட்கார்ந்த ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கேட்பவர்கள் நடுவில் பிளந்தார்கள். அரங்க ராக், வானொலி ராக், பிரிங் மீ தி ஹரைசன் போன பாதையிலேயே போகிறார்கள் என்றார்கள். ஷெஃபீல்டின் அந்தக் குழு டெத்கோரில் தொடங்கி, கீபோர்டுகாரர் ஜோர்டன் ஃபிஷ் சேர்ந்தபின் 2013லிருந்து மெல்ல மெல்லப் பாப் பக்கம் நகர்ந்திருந்தது. ஆகவே இந்தக் கூட்டத்தில் ஃபிஷ் பெயர் கிட்டத்தட்ட ஒரு வசை. இதெல்லாம் பழைய தராசுப் பேச்சு, பரவாயில்லை. புதிதாக ஒரு வாக்கியம் வந்தது. ‘டாம் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.’

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. ‘பதினைந்து பாட்டு அதிகம்’ என்று சொல்லுங்கள், நானும் சொல்வேன். பத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல ஆல்பமாகியிருக்கும், ‘டெட் பட்டர்ஃபிளைஸ்’ மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் தேயாது. ‘அனிமல்ஸ்’ ரிஃப் பள்ளிப் பையன் வாசிக்கக்கூடியது என்று சொல்லுங்கள், உண்மைதான், அதனால்தான் அது மண்டையில் உட்கார்கிறது என்று பதில் சொல்வேன். இவை கருத்துகள். ‘டாம் இருந்திருந்தால்’ என்பது கருத்து இல்லை. செத்தவர் சார்பில் கையெழுத்துப் போடுவது. அதுவும் யாரிடம்? அவரோடு ஒரே வயிற்றில் கிடந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, பன்னிரண்டு வருடம் ஒரே வேனில் ஊர்சுற்றிய டானிடம். அவருக்குத் தெரியாத டாமை ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் தெரிந்துவைத்திருக்கிறோமாம்.

தகவலாகப் பார்த்தாலும் அது நிற்காது. ‘ஹியர் அண்ட் நௌ’ நினைவிருக்கிறதா? டாம் இருந்தபோதே, டாம் எழுதியே, தராசு பாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது அவரைத் திட்டியவர்கள்தான் பத்து வருடம் கழித்து அவர் பெயரைச் சொல்லி அவர் சகோதரனைத் திட்டினார்கள். உயிரோடு இருந்தபோது மாற உரிமை கொடுக்கவில்லை. இறந்தபின் மாறாதவர் என்ற பட்டம் கொடுத்தார்கள்.

இப்படி எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க இந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நண்பனிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவன் திருச்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், போனில்தான் பேச்சு. கேட்டுவிட்டுச் சொன்னான், “நீ ரொம்ப ஜட்ஜ்மாதிரி பேசறடா. அவனுங்களுக்கு டாமத் தெரியாது, சரி. ஆனா டாமோட ரிஃப் தெரியும்ல? அது போச்சுன்னா அவனுங்க எங்க போயி அழுவானுங்க? அதத்தான் அப்பிடிச் சொல்றானுங்க.”

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்காகத் துக்கப்பட நமக்குச் சடங்கு எதுவும் கிடையாது. பதினாறாம் நாள் கிடையாது, திதி கிடையாது. இருப்பது ஒன்றுதான், அடுத்த ஆல்பம். அது அவர் ஆல்பம்போல இல்லாதபோதுதான் அவர் இல்லை என்பது முதல்முறையாக உறைக்கிறது. ‘ஹோலி ஹெல்’லில் டாமின் சாயல் இருந்தது. 2021ல் அது விலகியது. சிலருக்கு உண்மையான சாவு அந்த வருடம்தான் நடந்திருக்கும். ஆனாலும் அந்த அழுகையை டான் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, மகள் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டான்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022ல் இன்னொரு ஆல்பம் வந்தது, எனக்கு அதில் ஒட்டவில்லை. 2023ல் மிடில்டன் விலகினார். அந்த டிசம்பரில் ‘சீயிங் ரெட்’ என்ற ஒற்றைப் பாட்டு, கனமானது. நாங்கள் கோபத்தில் கத்தினால் மட்டும்தான் உங்களுக்கு எங்களைப் பிடிக்கும் என்ற பொருளில் கேட்பவர்களையே கிண்டல் செய்தது. சாம் கார்ட்டர் பிரேக்டவுனுக்குமுன் ‘ப்ளேஹ்’ என்று ஓர் ஒலி எழுப்புவார், அவருடைய முத்திரை. வருடக்கணக்காக ரசிகர்கள் அதைக் கேட்டு நச்சரித்தார்கள். கிண்டல் பாட்டுக்குள்ளேயே அதையும் வைத்தார். கிண்டலுக்கு ஆளானவர்கள்தான் அதை அதிகம் கொண்டாடினார்கள். 2025 பிப்ரவரியில் வந்த ‘தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்’ ஆல்பத்தை, பழைய கனம் திரும்பிவிட்டது என்று அதே ஆட்கள் வரவேற்றார்கள். தயாரித்தவர் யார் தெரியுமா? பிரிங் மீ தி ஹரைசனைவிட்டு வெளியே வந்திருந்த ஜோர்டன் ஃபிஷ்.

போன மாதம் நண்பன் வேலை விஷயமாக பெங்களூரு வந்திருந்தான். ராத்திரி என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத அளவு சத்தத்தில், ‘டூம்ஸ்டே’ போட்டோம். எனக்கு ஒரு பழக்கம். இந்தப் பாட்டில் டாம் விட்ட இடம் எது, மற்றவர்கள் தொடர்ந்த இடம் எது என்று தேடுவேன். எட்டு வருடமாகத் தேடுகிறேன். தொடக்கத்தில் வரும் அந்தக் கிட்டார் அவருடையதாக இருக்கவேண்டும் என்று தோன்றும். பல்லவி வந்ததும் அந்த நிச்சயம் போய்விடும். பிரேக்டவுனில் டான் அடிப்பது யாருக்காக என்பது மட்டும் தெரிகிறது.

“எங்கடா மாறுது?” என்று கேட்டேன்.

“தெரியல மச்சி. இன்னொரு தடவ போடு.”

போட்டேன்.